இரண்டு நாற்காலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சின்னக் குழந்தைகளிடம் கணினியைக் கொடுக்கலாமா, கூடாதா என்று உங்கள் வாசகர் பகுதியில் மாறி மாறிக் கடிதங்கள் வருகின்றன. அது விஷம் என்கிறார்கள் ஒரு சாரார். இப்போதே பழக்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டையும் படித்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். என் வேலையே பள்ளிக்கூடங்களுக்குக் கணினி போட்டுக் கொடுப்பதும், கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்வதும்தான். ஆக, இந்த விஷயத்தில் எனக்கு ஆதாயம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழலையர் வகுப்புக்குக் கணினியே வேண்டாம் என்று எல்லாப் பள்ளிகளும் முடிவெடுத்தால் என் வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும். பிள்ளைக்கு ஒன்று என்று முடிவெடுத்தால் எனக்குக் கொண்டாட்டம். நான் கேட்கப்போவது இரண்டையும் அல்ல.

பழுது பார்க்க வருகிறவனை வகுப்பறையில் யாரும் பொருட்படுத்துவதில்லை. கல்வித்துறை ஆய்வாளர் வந்தால் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். பெற்றோர் வந்தால் மிஸ்ஸின் குரல் மாறும். நான் மேசைக்கு அடியில் ஒயரைத் தேடிக்கொண்டு கிடக்கிறேன். வகுப்பு அது பாட்டுக்கு நடக்கிறது. குழந்தைகள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருப்பார்கள். பல வருடமாக இப்படிக் கீழே இருந்து பார்த்ததில் ஒன்று சொல்ல முடியும்: கணினி ஒரு குழந்தையை மற்ற குழந்தைகளோடு சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பது பெரும்பாலும் அதன் முன்னால் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு பள்ளியில் பாதி கணினிகள் படுத்துவிட்டன. மதர்போர்டு போனது சில, மானிட்டர் போனது சில. நிர்வாகம் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு கணினிக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். படம் வரைகிற ஒரு சாதாரண மென்பொருள். மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு போட்டார்கள். அடுத்த மேசையில் நான் ரேமைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கூரைக்குப் பச்சை வேணாம்.”

“எங்க வீட்டுக் கூரை பச்சைதான்.”

“இது உங்க வீடு இல்ல, நம்ம வீடு.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மவுஸ் கையில் இருந்தவன் யோசித்துவிட்டு, “அப்ப பாதி பச்சை” என்றான். கூரையின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. மவுஸே கிடைக்காமல் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்த சிறுமி, வண்ணப்பெட்டி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மவுஸ் அவள் கைக்கு வந்தது. யாரும் அதைக் கொடுக்கச் சொல்லவில்லை. வழி தெரிந்தவள் அவள்தான் என்று மற்ற இருவருக்கும் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். சமரசம், காத்திருத்தல், யாருக்கு என்ன தெரியும் என்று எடைபோடுதல் என்று பெரியவர்கள் பெயர் வைத்திருக்கிற எல்லாமே அந்தக் கூரைக்கு வண்ணம் பூசுவதற்குள் நடந்து முடிந்தது.

அடுத்த கல்வியாண்டில் அதே அறைக்குப் போனேன். கணினிகளை எடுத்துவிட்டு ஆளுக்கொரு டேப்லெட்டும் ஆளுக்கொரு ஹெட்போனும் வாங்கியிருந்தார்கள். மிஸ்ஸுக்கு மகிழ்ச்சி. “சார், இப்ப சத்தமே இல்ல பாருங்க” என்றார். உண்மைதான், சத்தமே இல்லை. ஒரு பையன் ஏதோ ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டான் போலிருக்கிறது, திரையில் நட்சத்திரமாகக் கொட்டியது. டேப்லெட்டைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினான். அவன் காதில் ஹெட்போன், திரும்பவில்லை. தோளைத் தட்டினான். அவன் தோளைக் குலுக்கிக் கையை உதறிவிட்டான், முகத்தைத் திரையிலிருந்து எடுக்காமலே. இவன் கொஞ்ச நேரம் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனான். அந்தப் பிரிவேளை முடிகிறவரை அவன் வேறு யாரையும் தட்டவில்லை.

அதே குழந்தைகள்தானா என்று கேட்பீர்கள். இல்லை, அடுத்த வருடப் பிள்ளைகள். ஒரே பள்ளியில் பார்த்த இரண்டு வகுப்பை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் நான் பார்த்ததையும் மற்றவர்கள் ஆராய்ந்து சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஆய்வுக் கட்டுரைகளின் நகலும் இருக்கும் இப்போது. மனைவிக்கு இதில் ரொம்பச் சிரிப்பு.

முதலில் கண்ணில் பட்டது 1985இல் முல்லர், பெர்ல்முட்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் கணினிப் புதிரின் முன்னால் எப்படி இருக்கிறார்கள், துண்டுகளைப் பொருத்தும் அட்டைப் புதிரின் முன்னால் எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். கணினி குழந்தையைத் தனிமைப்படுத்திவிடும் என்ற பயம் அப்போதே இருந்தது. பார்த்தால் நேர்மாறு. ஒருவரோடொருவர் பேசி, வழி சொல்லி, முறை வைத்து விளையாடிய நேரம் கணினி முன்னால்தான் பல மடங்கு அதிகம். கணினியை வாழ்த்துகிறவர்கள் இதை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வகுப்புக்கு ஒரு கணினி இருந்தாலே அதிசயம். ஒரு பெட்டியைச் சுற்றி நாலு பேர் நின்றால் நாலு பேரும் பேசித்தானே ஆக வேண்டும்.

1999இல் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் புது தில்லியின் கால்காஜியில் ஒரு சுவரைக் குடைந்து, தெருப்பக்கம் பார்த்தபடி ஒரு கணினியை வைத்தார். அங்கேயும் கதை அதேதான். சொல்லித்தர ஆளில்லாமல் குழந்தைகள் தாங்களே கற்றுக்கொண்டார்கள் என்றுதான் உலகம் பேசியது. எத்தனை தூரம், என்ன கற்றார்கள் என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கண்ணுக்குப் பட்டது வேறு. அந்தப் படங்களில் எப்போதும் ஒரு கும்பல் இருக்கிறது. ஒருவன் இயக்குகிறான், பின்னால் நிற்பவர்கள் கத்துகிறார்கள், இன்னும் சின்னவன் ஒருவன் இடுக்கு வழியாகத் தலையை நீட்டுகிறான். ஒரு கணினி, பல பிள்ளைகள்.

விலை இறங்க இறங்கக் கும்பல் கலைந்தது. வகுப்புக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று, இப்போது ஆளுக்கு ஒன்று. மேசைக் கணினியின் திரையை நாலு பேர் பார்க்கலாம்; டேப்லெட்டின் திரை ஒரு மடிக்கு மட்டும் அளவெடுத்துச் செய்தது. ஸ்பீக்கர் போய் ஹெட்போன் வந்தது. கணினி அறையில் இருந்த சத்தத்தைப் பழுது என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறோம்.

1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், மழலையர் பள்ளிக் குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து வகை பிரித்தார். தனியே விளையாடுவது, மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரவர் விளையாட்டை அவரவர் ஆடுவது, அப்புறம் கொடுத்து வாங்கிச் சேர்ந்து ஆடுவது என்று போகும் அந்த வரிசை. இரண்டு, இரண்டரை வயதில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக ஆடுவது இயல்பு. நாலு, ஐந்து வயதில் கூடி ஆடுவது அதிகமாகும். ஹெட்போன் மாட்டிய அந்த வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளை நாம் மறுபடியும் இரண்டு வயதின் ஆட்டத்துக்கு அனுப்பி வைத்திருந்தோம். அமைதியான வகுப்பு என்று அதற்குப் பாராட்டு வேறு.

இன்னொரு நாள், வேறொரு பள்ளி. ஒரு மவுஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று புதிதாக ஒன்றைச் செருகிப் பார்த்தேன். பழையதைக் கழற்றவில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரே கணினியில் இரண்டு மவுஸ் செருகினால் இரண்டும் ஒரே அம்புக்குறியைத்தான் நகர்த்தும். நான் ஏதோ ஒரு ஒயரை எடுக்கத் திரும்புவதற்குள் இரண்டு குழந்தைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அம்புக்குறி பேய் பிடித்தது போல ஆடியது. ஒருவன் வலது பக்கம் இழுக்க, மற்றவள் மேலே இழுக்க, அது குறுக்கே பாய்ந்தது. முதலில் சிரிப்பு. அப்புறம் சண்டை. “நீதான் ஆட்டுற!” “நீதான்!” மிஸ் வந்து ஒன்றைப் பிடுங்கப் போனார், கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினேன். அந்தச் சிறுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். தன் கையை மவுஸிலிருந்து தூக்கி, “இப்ப நீ மட்டும்” என்றாள். அம்புக்குறி அடங்கியது. அவன் நாலு கட்டம் நகர்த்திவிட்டு, தன் கையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். அவள் புரிந்துகொண்டு நகர்த்த ஆரம்பித்தாள். அப்புறம் இரண்டு பேரும் பேச்சே இல்லாமல், கண்ணைப் பார்த்துப் பார்த்தே மாற்றி மாற்றி ஆடினார்கள். எந்தக் கல்வி மென்பொருள் நிறுவனமும் இதை விற்கவில்லை. நான் பழைய மவுஸைக் கழற்றாமலேயே கிளம்பினேன்; மிஸ்ஸும் ஒன்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் நாலு, ஐந்து வயதுக்கு மேல். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இரண்டு நாற்காலிக் கணக்கெல்லாம் பொருந்தாது. அந்த வயதில் ஒரு குழந்தைக்கு வேண்டியது தான் செய்வதற்குப் பதில் செய்யும் ஒரு முகம்.

2003இல் பெட்ரிசியா குல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு பிரிவுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து, பொம்மையும் புத்தகமும் காட்டிப் பேசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்தவை கற்கவில்லை, கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தும் கூட. ஒலி ஒன்றுதான், உருவமும் ஒன்றுதான். குழந்தை கையை நீட்டினால் எதிரே இருப்பவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

முகத்துக்கு அந்த வயதில் எவ்வளவு பலம் என்பதற்கு 1985ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று உண்டு. மேசை முழுக்கக் கண்ணாடி. பாதிக்கு அப்பால் கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து விளிம்பில் தயங்கும். எதிர்ப்பக்கம் நிற்கும் அம்மாவைப் பார்க்கும். அம்மா சிரித்த முகமாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் கடந்து வந்துவிட்டன. அம்மா பயந்த முகம் காட்டியபோது ஒன்று கூட வரவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் முகத்தாலேயே போ, நில் என்று சொல்லிவிட முடிகிறது. இந்தப் படிப்பைக் குழந்தை நாள் முழுக்க, யாரும் பாடம் என்று சொல்லாமலே படித்துக்கொண்டிருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அந்தப் படிப்பிலிருந்து கழிகிற நேரம்.

இதை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். மகள் வெளியூரில் இருக்கிறாள். இரண்டு வயதுப் பேத்தியோடு வீடியோ அழைப்பில் விளையாடுவது என் வழக்கம். அவள் தலையணைக்குப் பின்னால் ஒளிவாள். “எங்க காணோம், பாப்பாவைக் காணோமே” என்று நான் தேட வேண்டும். நான் வேண்டுமென்றே தப்பான பக்கம் பார்ப்பேன். சிரிப்புத் தாங்காமல் வெளியே வருவாள். சில சமயம் இணையம் சிக்கிக்கொள்ளும். என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்குமாம். மகள் சொல்வாள்: முதலில் “தாத்தா” என்று கூப்பிடுவாளாம். அப்புறம் பொம்மையைத் தூக்கிக் காட்டுவாளாம். அப்புறம் திரையைத் தட்டுவாளாம். எதற்கும் பதில் வராது என்று தெரிந்ததும் முகம் சுருங்கித் திரும்பிவிடுவாளாம். இந்த வரிசையை எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களிலேயே ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதே சோதனை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் பேத்திக்கு நெட்வொர்க் செய்த சோதனையும் அதுதான்.

வீடியோ அழைப்பும் திரைதானே, அதுவும் கெடுதலா என்று பல தாத்தா பாட்டிகள் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரிலும் கற்றார்கள், வீடியோ அழைப்பிலும் கற்றார்கள். முன்பே பதிவு செய்த காணொளியில் கற்கவில்லை. எதிரே இருப்பவர் தன் பேச்சுக்குச் சரியான நேரத்தில் பதில் சொல்கிறாரா என்பதே குழந்தையின் கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016இல் ஒன்றரை வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொன்னபோது வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் இன்னும் கறார்: ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

நீண்ட கால ஆய்வுகளும் இருக்கின்றன. ஜப்பானில் 7,097 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வந்தது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளிடம், இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் பேச்சுத் தொடர்பிலும் சிக்கல்களைத் தீர்ப்பதிலும் தாமதம் கூடுதலாகக் காணப்பட்டது. நார்வேயில் 2019இல் வந்த ஆய்வு என் கவனத்தை அதிகம் இழுத்தது. நாலு வயதில் திரை நேரம் கூடுதலாக இருந்த குழந்தைகள், ஆறு வயதில் மற்றவர்களின் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஹெட்போன் பையனின் தோள் குலுக்கல் நினைவுக்கு வந்தது. ஆனால் இவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிப்பதில்லை. வேலைச்சுமை, உதவிக்கு ஆள் இல்லாமை, தாயின் மனச்சோர்வு என்று வீட்டில் வேறு எத்தனையோ இருக்கலாம். அவற்றால் திரை நேரமும் கூடலாம், பேச்சும் குறையலாம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்துப் பார்க்க முயல்கிறார்கள். முழுக்கக் கழிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரை பார்த்தால் ஆட்டிசம் வரும் என்று கைபேசியில் சுற்றுகிற செய்திகளை நம்பி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்களை உறவினர்கள் குத்திக் காட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். கொடுமை அது. ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது, மரபணுவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கைபேசி கொடுத்ததால் வந்தது என்று ஒரு தாயைக் கூண்டில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், பேச முடியாத சில குழந்தைகளுக்கு டேப்லெட்தான் குரல். படத்தைத் தொட்டால் அது பேசும். அதை வைத்துத்தான் அந்தக் குழந்தை நண்பனைக் கூப்பிடும். கணினியே கூடாது என்று மொத்தமாகத் தடை கேட்பவர்கள் இந்தக் குழந்தைகளை மறந்துவிடுகிறார்கள்.

பெரியவர்கள் பக்கம் வருகிறேன். அழுகிற பிள்ளையை அடக்கத் திரையைக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. எப்போதாவது என்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அதுவே எப்போதும் என்றால், அழுகையிலிருந்து தானாக மீண்டு வருவது எப்படி என்று குழந்தை எப்போது பழகும்? மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை அடிக்கடி இப்படி அமைதிப்படுத்தும் வீடுகளில், சில மாதங்கள் கழித்து அவர்களின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்ததாக ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரின் குழு 2022 இறுதியில் எழுதியது. ஆண் பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்ததாம். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் சும்மா இருப்பதில்லை. 2009இல் வந்த ஆய்வின்படி, தொலைக்காட்சிச் சத்தம் ஒரு மணி நேரம் கூடினால் குழந்தை பெரியவர்களிடம் கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைகின்றன. குழந்தையின் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, நம் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

மழலையர் செயலிகளைப் பற்றி, அவற்றை நிறுவிக் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அவை ஒருபோதும் கோபித்துக்கொள்வதில்லை. தப்பாகத் தொட்டால் திரும்பச் செய் என்று இனிமையாகச் சொல்லும். நூறு தடவை தொட்டாலும் அலுக்காது. காக்க வைக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்படியா? நீ ஏமாற்றினாய் என்று கோபித்துக்கொண்டு போய்விடும். நாளைக்கு அதுவே வந்து கூப்பிடும். நட்பு முறிவதும் ஒட்டுவதும் எப்படி என்று அதில்தான் தெரியும். செயலியில் ‘செய்ததை நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எதிரில் இருக்கும் பிள்ளையைக் கிள்ளிவிட்டால் அப்படி ஒரு பொத்தான் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், அது ஏற்கிறதா என்று முகத்தைப் பார்க்க வேண்டும்.

கெட்டது கெட்டதுதான், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பெற்றோர் பயப்பட வேண்டாம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2014இல், பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஐந்து நாள் திரையே இல்லாத வெளிப்புற முகாமில் விட்டுப் பார்த்தார்கள். முகபாவம் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் திறன், வழக்கம்போல் வீட்டில் இருந்த சக மாணவர்களைவிட அவர்களிடம் கூடியிருந்தது. திரை இல்லாததாலா, நாள் முழுக்க நண்பர்களோடு இருந்ததாலா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, என்ன செய்யலாம்? பள்ளி நிர்வாகங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் அறையில் என்னைக் கூப்பிட்டுக் கணினி போடச் சொல்லாதீர்கள். நாலு, ஐந்து வயதுக்குப் போடுவதானால், இருக்கும் பிள்ளைகளில் பாதி எண்ணிக்கைக்குப் போடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. திரை இரண்டு பேருக்கும் நடுவில். ஹெட்போன் வேண்டாம், காது கேளாமை, பேச்சுச் சிரமம் என்று தேவைப்படுகிற குழந்தைக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்யலாம். சின்ன ஸ்பீக்கர் போதும், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். வரைதல், கதை கட்டுதல், கட்டளை கொடுத்துத் திரையில் ஆமையை நகர்த்தும் லோகோ என்ற கணினி மொழி போன்ற, பேசிப் பேசிச் செய்ய வேண்டிய வேலைகளாகக் கொடுங்கள். லோகோ 1967இலிருந்து இருக்கிறது. இன்றைக்கும் இரண்டு குழந்தைகளை அதன் முன்னால் உட்கார வைத்தால், ஆமை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருவர் எழுந்து நின்று திரும்பிக் காட்டுவார், மற்றவர் திருத்துவார். மிஸ் நடுவில் நடந்துகொண்டே, “அவன் ஏன் அப்படிச் சொன்னான்?” என்று கேட்டால் போதும். கணினி அறையைத் தேர்வு நடக்கிற அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஏனென்றால் சத்தம் வரும், வர வேண்டும்.

எல்லா ஜோடியும் நல்ல ஜோடி அல்ல என்பதையும் பார்த்திருக்கிறேன். மவுஸை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ள, மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நடக்கும். கையில் மவுஸ் வராத குழந்தை ஒரே குழந்தையாகத் தொடர்ந்து இருந்தால் அதை யாராவது கவனித்து ஜோடியை மாற்ற வேண்டும். அது மிஸ்ஸின் வேலை. அதற்கு அவர் வகுப்பில் இருக்க வேண்டும். கணினிப் பிரிவேளையை ஆசிரியைக்கு ஓய்வு நேரமாகக் கணக்குப் போடுகிற அட்டவணையை என்னால் பழுது பார்க்க முடியாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. இத்தனை சின்ன வயதிலேயே கணினியை இயக்குகிறது என்று ஒரு குழந்தையைப் பற்றிச் செய்தி வந்தால், அந்தக் குழந்தை யாரோடு விளையாடுகிறது என்ற கேள்வியையும் உங்கள் நிருபர் கேட்கட்டும். தொடுதிரையை இழுக்கவும் தள்ளவும் எந்தக் குழந்தையும் ஓரிரு நாளில் பழகிவிடும், அதற்கு இளமையிலேயே தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு பள்ளியில் இப்போது புதிய கணினி அறைக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்று, ஹெட்போனோடு என்று அவர்கள் அனுப்பிய பட்டியலில் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஹெட்போனை அடித்துவிட்டு அந்த வரியில் பெஞ்சு என்று எழுதி, காரணத்தையும் ஒரு தாளில் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். ‘ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கணினி’ என்று சேர்க்கை விளம்பரத்தில் போட்டுவிட்டோமே என்று தாளாளர் தயங்குகிறார். அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். போகும்போது இரண்டு மவுஸ் கொண்டுபோய் அவரையும் தலைமை ஆசிரியையையும் ஒரே கணினி முன்னால் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளிகளுக்குக் கணினி பழுது பார்க்கும் வாசகர்